குடலுக்குள் நடக்கும் பந்தி: வாசகர் கேள்வி பதில்

குடல் நுண்ணுயிர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டுச் சேலம் வட்டாரத்திலிருந்து எழுதியவர்களில் நால்வருடைய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி): குடலில் நூற்றுக்கணக்கான பாக்டீரியா இனங்கள் வாழ்கின்றன என்கிறீர்கள். அப்படியிருக்க, 12 இனங்களை மட்டும் ஓர் எலிக்குள் வைத்து ஆராய்வதால் என்ன தெரிந்துவிடப் போகிறது?

பதில்: செவ்வாய்ப்பேட்டை மண்டித் தெருவில் ஒரு நடை நடந்தால் கடைகளின் பெயர்ப்பலகைகள் அனைத்தையும் எழுதிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் யார் யாரிடம் சரக்கு எடுக்கிறார், யாருடைய மிச்சம் யாருக்குப் போகிறது என்பது எந்தப் பலகையிலும் இராது. மலத்திலுள்ள மரபுப்பொருளைப் படித்து இனங்களைப் பட்டியலிடுவது பெயர்ப்பலகை படிக்கும் வேலை. வரவு செலவு தெரியவேண்டுமானால் கடைகள் குறைவாக இருக்கவேண்டும், ஒவ்வொரு கடைக்காரரையும் நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதற்காகத்தான் நுண்ணுயிர் எதுவுமே இல்லாமல் மூடிய கூண்டில் பிறந்து வளர்ந்த எலிக்கு, முழு மரபுத்தொகுதியும் அறியப்பட்ட சில இனங்களை மட்டும் கொடுத்துக் குடியேற்றுகிறார்கள். 1978இல் வரையறுக்கப்பட்ட ஒரு கூட்டத்தில் 8 இனங்கள் இருந்தன. நீங்கள் குறிப்பிடுவது, மியூனிக் நகரில் பணியாற்றும் பேர்பெல் ஸ்டெக்கரும் அவருடன் உழைத்த குழுக்களும் 2016இல் விவரித்த, எலிக்குடலிலிருந்து பிரித்தெடுத்த 12 இனங்களின் கூட்டமாக இருக்கவேண்டும். 2022இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 100க்கும் மேற்பட்ட மனிதக் குடல் இனங்களை ஒன்றுசேர்த்து எலிக்குள் வாழவைத்துக் காட்டினார்கள். ஆகவே சிறிய கூட்டத்தோடு நின்றுவிட்டார்கள் என்று எண்ணவேண்டாம்.

இத்தகைய கூட்டங்களிலிருந்து தெளிவாவது ஒரு பந்தியின் ஒழுங்கு. நாம் செரிக்காமல் விட்ட நார்ச்சத்தை முதற்பந்தியில் உட்காரும் பாக்டீராய்டிஸ் போன்ற இனங்கள் உடைக்கின்றன. பைஃபிடோபாக்டீரியம் போன்றவை உண்டு கழிக்கும் அசிட்டேட்டும் லாக்டேட்டும் அடுத்த பந்திக்கு இலைச்சோறு. அவற்றைக் கொண்டு வேறு சில இனங்கள் பியூட்டிரேட் என்னும் சிறு கொழுப்பு அமிலத்தை உண்டாக்க, பெருங்குடலின் உட்சுவர் செல்கள் அதையே தங்கள் முதன்மை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. இந்த வரிசையில் ஒருவரை எழுப்பிவிட்டால் யார் பட்டினி கிடக்கிறார் என்பதைப் பன்னிரண்டு பேர் உள்ள பந்தியில்தான் கண்ணால் பார்க்கமுடியும்.

பந்தியில் சோறே போடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டார்கள். மனிதக் குடலின் 14 இனங்களைத் தாங்கிய எலிகளுக்கு நார்ச்சத்தே இல்லாத தீவனத்தைக் கொடுத்தபோது, அவ்வினங்களில் சில குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்திலுள்ள சர்க்கரைகளைத் தின்னத் தொடங்கின. பசித்த விருந்தாளி பந்தற்காலைக் கடித்த கதைதான். படலம் மெலிந்தது, குடலைத் தாக்கும் ஒரு நோய்க்கிருமியை அதன்பின் உள்ளே விட்டபோது எலிகளுக்குக் கடும் குடலழற்சி கண்டது. 2016இல் வெளியான இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது, இனங்கள் மாறவில்லை, தீவனம் மட்டுமே மாறியது என்பதுதான். நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று பிரித்துப் பேசும் விளம்பரங்களின் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி (கறவை மாடு வைத்திருப்பவர், தலைவாசல்): மாட்டுப் பொங்கலன்று அன்போடு ஒரு பானைப் பொங்கலை முழுதாக வைத்தோம். மறுநாள் மாடு எழவில்லை. கால்நடை மருத்துவர் வந்துதான் காப்பாற்றினார். சோறு எப்படி ஐயா நஞ்சாகும்?

பதில்: சோற்றில் நஞ்சு இல்லை, வேகத்தில் இருக்கிறது. மாட்டின் முதல் இரைப்பை ஒரு பெரிய புளிக்கவைக்கும் தொட்டி. அங்குள்ள நுண்ணுயிர்கள் வைக்கோலையும் சோளத்தட்டையும் மெதுவாக உடைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய அமிலங்களைத் தருகின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடு இவற்றிலிருந்தே வருகிறது. குழைய வெந்த சோறும் வெல்லமும் மொத்தமாக உள்ளே விழுந்தால், வேகமாகப் பெருகும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை சில மணி நேரத்தில் லாக்டிக் அமிலத்தைக் கொட்டிவிடும். அந்த அமிலத்தை உண்டு தீர்க்கும் மெகாஸ்ஃபீரா என்னும் பாக்டீரியாவும் அதே தொட்டியில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வைக்கோல் தின்று பழகிய மாட்டில் அதன் எண்ணிக்கை மிகக் குறைவு. அது பெருகி வருவதற்குள் தொட்டி புளித்து, நார் செரிக்கும் இனங்கள் மடிந்து, அமிலம் இரத்தத்திலும் ஏறிவிடும்.

நம் ஊர் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் வாங்கும் மரவள்ளித் திப்பிக்கும், அதாவது மாவு எடுத்தபின் எஞ்சும் சக்கைக்கும், இதே கணக்குதான். பல மாடுகள் திப்பியைத் தின்று நன்றாகப் பால் கொடுக்கின்றன. அவற்றுக்கு அது நாளுக்கு ஒரு கையாகக் கூட்டி, வைக்கோலோடு சேர்த்துப் பழக்கப்பட்டிருக்கும். அடுத்த பொங்கலுக்கு ஒரு வாழை இலையில் ஒரு பிடி வையுங்கள், மாடு கோபித்துக்கொள்ளாது.

கேள்வி (சைவ உணவுக்காரர், அம்மாப்பேட்டை): வைட்டமின் பி12ஐ பாக்டீரியாக்கள்தாம் செய்கின்றன என்றால், என் குடலில் அத்தனை பாக்டீரியா இருந்தும் எனக்கு ஏன் பற்றாக்குறை?

பதில்: அடுப்பு கொல்லைப்புறத்தில், இலை போட்டிருப்பது வாசலில். பி12ஐ நம் உடல் உறிஞ்சிக்கொள்ளும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. பாக்டீரியாக்கள் நெருக்கமாக வாழ்ந்து அதைச் செய்யும் இடமோ அதற்கும் கீழே உள்ள பெருங்குடல். மாட்டுக்கு அடுப்பு முன்னால், இரைப்பையிலேயே இருப்பதால், பி12ஐச் செய்யப் பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படும் கோபால்ட் தாது தீவனத்தில் போதுமான அளவு இருந்தாலே அதற்குப் போதும். அந்தப் பங்கில்தான் நமக்குப் பாலும் தயிரும் வழியாகக் கொஞ்சம் கிடைக்கிறது.

மேலும், கீழே உண்டாவதும் சும்மா கிடப்பதில்லை. பி12ஐத் தாமாகச் செய்யமுடியாமல் அதற்காகக் காத்திருக்கும் பாக்டீரியாக்கள் பல. பாக்டீராய்டிஸ் தீட்டாயோட்டாமைக்ரான் என்னும் நீண்ட பெயர் கொண்ட இனம், பி12ஐயும் அதன் உறவுப் பொருள்களையும் பிடித்து இழுக்க மூன்று வகை வாயில்களை வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றை மட்டும் நீக்கிய வகை, எலிக்குடலில் தன் உடன்பிறப்போடு போட்டியிட்டுத் தோற்றுப்போனது. உங்கள் பற்றாக்குறைக்கு இரத்தப் பரிசோதனையும் மருத்துவர் சொல்லும் மாத்திரையுமே வழி.

கேள்வி (காபித் தோட்டக்காரர், நாகலூர், ஏற்காடு): காபிப் பழத்தைத் துளைக்கும் வண்டு காஃபீன் நஞ்சையும் தாங்குவதற்கு அதன் வயிற்றுப் பாக்டீரியாவே காரணம் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பாக்டீரியாவைக் கொன்றால் வண்டு ஒழியாதா?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. நாகலூர்ப் பக்கம் ஒருமுறை, தொப்புளில் குண்டூசி முனையளவு துளை விழுந்த பழம் ஒன்றைப் பேனாக்கத்தியால் பிளந்து பார்த்தேன். இரண்டு பருப்புகளில் ஒன்று மாவாகியிருந்தது. அந்த மாவுக்குள் எள்ளைவிடச் சிறிய கரிய தாய் வண்டும் வெண்மையான புழுக்களும் கிடந்தன. பிறந்தது முதல் காஃபீனிலேயே கிடக்கும் உயிர் அது. 2015இல் வெளியான ஆய்வில் இந்த வண்டுகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தபோது, தின்ற காஃபீன் சிதையாமல் எச்சத்தோடு வெளிவந்தது. பிறகு சூடோமோனாஸ் ஃபுல்வா என்னும் ஒரே ஓர் இனத்தைத் திரும்பக் கொடுத்ததும் காஃபீன் மீண்டும் சிதைந்தது. அதைவிட வியப்பு, வண்டின் வயிற்றுப் பாக்டீரியாக்களில் சில, காஃபீனையே கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் ஒரே மூலமாகக் கொண்டு வளரக்கூடியவை. வண்டுக்கு நஞ்சானது அவற்றுக்குச் சாப்பாடு.

இதைக் கொண்டு தோட்டத்தில் நுண்ணுயிர்க்கொல்லி தெளிக்கலாம் என்று நினைத்தால் அது பெருந்தவறு. பழத்துக்குள் ஒளிந்திருக்கும் வண்டின் வயிற்றுக்கு மருந்து போய்ச் சேராது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சாகும், எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகள் பெருகும். ஒரு பாக்டீரியா போனால் காஃபீனைத் தின்னத் தெரிந்த இன்னொன்று அந்த இலையில் உட்கார்ந்துவிடவும் கூடும். இந்தியாவில் 1990இல் கூடலூர்ப் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட இந்த வண்டுக்கு எதிராகப் பலன் தருபவை இன்றும் தோட்டத்தில் கையால் செய்யும் வேலைகளே: முன்கூட்டிப் பழுத்தவற்றை ஃப்ளை பிக்கிங்கில் எடுத்துவிடுவது, அறுவடைக்குப் பின் செடியில் ஒரு காயும் விடாமல் ஸ்ட்ரிப்பிங் செய்வது, உதிர்ந்ததைப் பொறுக்குவது, துளை விழுந்த பழங்களைக் கொதிநீரில் முக்கியெடுப்பது. மழைக்காலத்து ஈரத்தில், வண்டைத் தாக்கிக் கொல்லும் பெவேரியா பூஞ்சணமும் கைகொடுக்கும். உதிர்பழம் பொறுக்க ஆள் கிடைக்கவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அறுவடையின்போதே செடிக்கடியில் சாக்கை விரித்துவிட்டால் பொறுக்கும் வேலை பாதியாகக் குறையும்.