தனியாக டவுனுக்கு

கேள்வி: பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டு வேலையும் குறைந்துவிட்டது. ஒரு நாள் தனியாக மட்டக்களப்பு டவுனைச் சுற்றிப் பார்க்க ஆசை. ஆனால் அலுவல் இல்லாமல் போனால் ஒரு மாதிரி இருக்காதா?
வாசகி, கல்முனை

பதில்: இருக்கும், காத்தான்குடி தாண்டும் வரை! கல்முனை பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் பிடியுங்கள், வாவி அந்தப் பக்கம்தான். டவுன் வரை போகாமல் கல்லடியில் இறங்கிவிடுங்கள். 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகு, 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தில் வாகன நெரிசல் இல்லை. அதில் மெதுவாக நடக்கலாம். நடுவில் நின்று தண்ணீரைப் பாருங்கள், யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. இந்த வாவியில் பாடுவதாகச் சொல்லும் மீனைத் தேடாதீர்கள், அது பகலில் வருகிறவர்களுக்குப் பாடாது. பௌர்ணமி இரவில் காது கொடுத்தால்தான் கேட்குமாம்.

அப்புறம் ஓட்டோ பிடித்துப் புளியந்தீவுக் கோட்டைக்கு. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். வெயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள்.

தனியாகப் போகிறவர்கள் தடுமாறுவது சாப்பாட்டுக்கடை வாசலில்தான். பன்னிரண்டுக்கு முன்பே போய்விடுங்கள், மேசை காலியாக இருக்கும். மீன்குழம்போடு சோறு, முடிவில் தயிர். போனை எடுக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். பின்னேரம் காந்திப் பூங்காவில் கச்சானோடு உட்காரலாம். முகத்துவாரம் வெளிச்சவீட்டை இன்னொரு நாளைக்கு வையுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்தால் அதுவும் அலுவல்தான். யாராவது எங்கே போனீர்கள் என்று கேட்டால், "டவுனுக்கு" என்றால் சரி.