சூப்பர்டோமில் 1ஆம் பார்ட்டிஷனை நீக்குவது

வணக்கம் நண்பரே. ஹெச்பி-யூஎக்ஸ் இயங்குதளம் ஓடும் சூப்பர்டோமில் (ஹெச்பியின் பெரிய சர்வர்) 1ஆம் என்பார்ட்டிஷனை, அதாவது தனிக் கணினிபோல ஓடும் வன்பொருள் பிரிவை, எடுத்துவிட்டு, அதன் செல்களை (செயலியும் நினைவகமும் உள்ள பலகைகள்) 0ஆம் பார்ட்டிஷனுக்குத் தர வேண்டும், 0இல் உள்ள தரவுத்தளம் நிற்குமோ என்று பயம் என்கிறீர்கள். பயம் நியாயமானதுதான்.

முதலில், நிலையைக் காட்டும் பார்ஸ்டேட்டஸ் கட்டளையைச் சின்ன டபிள்யூ விருப்பத்தோடு கொடுங்கள். நீங்கள் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறீர்கள் என்று அது சொல்லும். அதே கட்டளைக்குப் பெரிய வி, சின்ன பி 1 கொடுத்து வரும் விவரத்தை வேறு கணினியில் சேமியுங்கள். திரும்ப உருவாக்க நேர்ந்தால் அதுதான் துணை.

அப்புறம் 1இல் நுழைந்து ஷட்டவுனுக்குப் பெரிய ஆர், பெரிய ஹெச் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஆர் மட்டும் கொடுத்தால் மறுபடி பூட் ஆகிவிடும். எம்பி கன்சோலில் (சர்வரின் மேலாண்மைக் கன்சோல்) உள்ள ஆர்ஆர் என்ற ரீசெட் கட்டளையின் பக்கம் போகாதீர்கள், அது இயங்குதளத்தை ஒழுங்காக நிறுத்தாமல் வெட்டிவிடும்.

1 இனாக்டிவ் (இயங்கவில்லை) என்று பார்ஸ்டேட்டஸ் காட்டியதும், 0இலிருந்து பார்ட்டிஷனை நீக்கும் பார்ரிமூவ் கட்டளை, சின்ன பி 1. பெரிய எஃப் வேண்டவே வேண்டாம். அது இல்லாதவரை, கை தவறி 0 என்று அடித்தாலும் கட்டளை மறுத்துவிடும். எஃப் இருந்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பார்ட்டிஷனே நீக்கத்துக்குக் குறிக்கப்பட்டுவிடும்.

வட்டுகளில் உள்ள தரவு அழியாது, செல்கள் மட்டுமே விடுபடும். அவற்றை 0இல் அடிப்படை செல்லாகச் சேர்த்தால், 0ஐயும் ஒருமுறை ஷட்டவுன் பெரிய ஆர் கொடுத்து ரீபூட் செய்ய வேண்டிவரும். அதற்கான நேரத்தை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.