பாலைவனத்தில் வெள்ளமா?

கேள்வி: நண்பர்களோடு அமெரிக்காவின் யூட்டா பாலைவனப் பள்ளத்தாக்குகளில் நடக்கப் போகிறோம். மழை பயம் இல்லையே?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மழைக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். மேற்கே பெய்தால் நம் கெடிலம் ஆறு பெருகுகிறதே, அங்கேயும் அதே கதைதான், ஆனால் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, ஏறித் தப்ப வழியில்லாத சந்து, தண்ணீரோ நிமிடங்களில் வந்துவிடும். 1997 ஆகஸ்டில் பக்கத்து அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. அதனால் அங்கே திடீர் மழைக் காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரை வேண்டாம், தயவுசெய்து.

அப்புறம், ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டே கிளம்புங்கள்.