சேவ் செய்யாத வேர்ட் கோப்பு: கடைக்குக் கொண்டுபோகும் முன்

கேள்வி: ஆய்வேட்டின் மூன்றாம் இயலை வேர்டில் புதிய கோப்பில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒருமுறைகூட சேவ் செய்யவில்லை. நேற்று மாலை திரை உறைந்து, வேர்ட் தானாக மூடிக்கொண்டது. மீட்டுத்தர 3,000 ரூபாய் ஆகும், லேப்டாப்பை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் இயல் எங்காவது மிச்சமிருந்தால், அது வேர்ட் தானாக எடுத்துவைத்த நகலாகத்தான் இருக்கும். அதை எடுக்க ஐந்து நிமிடம் போதும்.

வேர்டைத் திறங்கள். இடப்பக்கம் ‘டாக்குமென்ட் ரெக்கவரி’ பட்டி வந்தால், கடைசி நேரம் காட்டும் நகலைத் திறந்து, உடனே பெயர் கொடுத்து சேவ் செய்யுங்கள். வராவிட்டால் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட், ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ் என்று வரிசையாகப் போங்கள். எழுதியதைத் தொலைத்துவிட்டுப் பதறுகிறவர் தேடும் ஒன்றை இவ்வளவு ஆழத்தில் புதைத்திருக்கிறார்கள், என்ன சொல்ல! நகல் நான்கு நாள்தான் இருக்கும், இன்றே பாருங்கள்.

வழக்கமான அமைப்பில் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் நகல் எடுக்கப்படும். அதற்குப் பிறகு அடித்தது ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருந்தது, போனது போனதுதான். அதைக் கொண்டுவருகிறேன் என்பவர் உங்களை ஏமாற்றுகிறார். சில கடைகளில் நான் சொன்ன இதே மெனுவை அழுத்திவிட்டுத்தான் பில் போடுகிறார்கள். இன்னும் சிலர் ஏதோ ரெக்கவரி மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவி, மிச்சமிருக்கும் தடயத்தின் மேலேயே எழுதிவிடுகிறார்கள். உங்கள் டிஸ்க் எஸ்எஸ்டி என்ற சில்லு வகை என்றால், அழிந்த இடத்தை அதுவே துடைத்துவிடும். அந்த மென்பொருளால் பெரும்பாலும் பயனில்லை. போதாததற்கு, பாஸ்வேர்டைத் தாளில் எழுதி லேப்டாப் மேல் ஒட்டச் சொல்வார்கள். உங்கள் மெயில், படங்கள் எல்லாம் இரண்டு நாள் யார் கையில்?

ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன், பலரும் இதில்தான் நம்பிக்கை இழக்கிறார்கள். மூடும்போது அவசரத்தில் ‘டோன்ட் சேவ்’ அழுத்தியிருந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. சேவ் செய்யாமல் மூடினாலும் கடைசி நகலை வைத்திரு என்ற டிக் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பக்கத்தில் இருக்கும். அதை யாரும் எடுத்துவிடாமல் இருந்து, கோப்பும் 10 நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால், நகல் அதே மெனுவில் கிடைக்கும். எட்டு நிமிடத்தில் மூடியிருந்தால் கிடைக்காது.

அதே பக்கத்தில், நகல் எடுக்கும் இடைவெளியில் 10 நிமிடம் என்பதை 1 ஆக்கிவிடுங்கள். மேலே ‘ஆட்டோசேவ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். சரி, ஆனால் கோப்பை ஒன்டிரைவ் போன்ற மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடத்தில் வைத்தால்தான் அது வேலை செய்யும்.