துவாரகாவா, மயூர் விஹாரா?

கேள்வி: சொந்த ஊர் திருநெல்வேலி. இப்போது டெல்லி லட்சுமி நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு பாரகம்பா ரோட்டில் வங்கி வேலை. எனக்கு குர்கான் சைபர் சிட்டியில் வேலை. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போகவேண்டும், இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. மகளுக்கு வரும் மார்ச்சுக்குள் மூன்று வயது முடிகிறது, நர்சரியில் சேர்க்கணும். முழங்கால் வலி உள்ள மாமியாரும் எங்களோடு இருக்க ஊரிலிருந்து வருகிறார். நண்பர்கள், கோயில், தமிழ் ஆட்கள் எல்லாம் மயூர் விஹாரில்தான், நிஜாமுதீன் ஸ்டேஷனும் பக்கம் என்கிறார் கணவர். எனக்கு துவாரகா செக்டர் 10 பக்கம் ஒரு வீடு பிடித்திருக்கிறது. "அது டெல்லியே இல்லை, ஏர்போர்ட்டுக்குப் பின்னாடி இருக்கிற காடு" என்று அவர் சிரிக்கிறார். வாடகை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்தப் பக்கம் போவது?

பெயர் வேண்டாம், டெல்லி

பதில்: இவ்வளவு எழுதிய நீங்கள் ஒன்றை மட்டும் எழுதவில்லை. பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் காலை பதினொரு மணிக்கு, "குழந்தைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் வந்தால் யார் ஓடுவீர்கள்? வங்கியில் இருக்கிறவர் பாதி வேலையில் எழுந்து வருவது லேசில்லை. அத்தையால் நடக்க முடியாது. ஆக, ஓடப்போவது நீங்கள்தான். அதனால் என் ஓட்டு துவாரகாவுக்கு.

இதை உங்கள் வீட்டுக்காரர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மயூர் விஹார் ஃபேஸ் 1-ல் ப்ளூ லைன் மெட்ரோ ஏறினால் பாரகம்பா ரோடு ஆறாவது ஸ்டேஷன். துவாரகா செக்டர் 10-ல் ஏறினால் அதே பாரகம்பா ரோடு 26-ஆவது ஸ்டேஷன்! வாரம் முழுக்க ஆபீஸ் போகிறவர் அவர், மூன்று நாள் போகிறவர் நீங்கள். வெறும் மணிக்கணக்கைக் கூட்டிக் கழித்தால் தராசு அவர் பக்கம்தான் சாயும்.

ஆனால் அந்த 26 ஸ்டேஷனையும் அவர் ஒரே வண்டியில் போய்விடுவார், எங்கேயும் மாறவேண்டாம். வண்டி புறப்படுவது செக்டர் 21-ல்; செக்டர் 10 வரும்போது பெட்டியில் பாதி காலியாக இருக்கும். உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கலாம், விட்ட தூக்கத்தையும் பிடிக்கலாம். உத்தம் நகரில் ஏறுகிறவர்களுக்கு இந்த யோகம் கிடையாது. சாயங்காலம் வேறு கதை. அடுத்த ஸ்டேஷனான ராஜீவ் சௌக்கில் கதவு திறந்ததும் ஒரு கூட்டம் இறங்கும், அதைவிடப் பெரிய கூட்டம் உள்ளே தள்ளிக்கொண்டு ஏறும். ரஜௌரி கார்டன் தாண்டும்வரை நின்றுகொண்டுதான் வரவேண்டும். அதை நான் மறைக்கவில்லை.

உங்கள் பாட்டைப் பாருங்கள். மயூர் விஹாரிலிருந்து சைபர் சிட்டி போகப் பிங்க் லைன் பிடித்து ஐஎன்ஏயில் இறங்கவேண்டும். அங்கே யெல்லோ லைன் மாறி சிக்கந்தர்பூர். அங்கிருந்து ரேப்பிட் மெட்ரோ. மூன்று வண்டி, இரண்டு மாற்றம், ஐஎன்ஏயில் எஸ்கலேட்டர் எஸ்கலேட்டராக ஏறி இறங்குவது தனி. காரில் போனாலும் யமுனையைத் தாண்டி ஆசிரமம் சௌக், எய்ம்ஸ், தௌலா குவான் என்று டெல்லியின் பேர்போன நெரிசல் எல்லாவற்றிலும் நின்று கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். துவாரகாவிலிருந்து சைபர் சிட்டிக்கு நேரடி மெட்ரோ இல்லை, உண்மைதான். ஆனால் கேப் பிடித்தால் நகரத்துக்குள் நுழையாமலே போய்விடலாம். காலை நெரிசலில் திட்டிக்கொண்டே போவீர்கள். ஆனால் பள்ளியிலிருந்து போன் வருகிற அந்தப் பதினொரு மணிக்கு ரோடு ஓரளவு காலியாக இருக்கும். எனக்கு அதுதான் கணக்கு.

தமிழ் ஆட்கள் விஷயம். மயூர் விஹாரில் நம்மவர்கள் நிறைய என்பதில் சந்தேகமே இல்லை. உத்தர குருவாயூரப்பன் கோயில் பக்கம் சாயங்காலம் நின்றால் காதில் விழுவது பாதி மலையாளம், பாதி தமிழ். வாழைப்பூவுக்கும் முருங்கைக்காய்க்கும் அங்கே தவம் கிடக்கவேண்டாம். ஆனால் "எல்லாம் அங்கேதான்" என்கிறாரே, அது சரியில்லை. மலை மந்திர் முருகன் கோயில் எங்கே இருக்கிறது? ராமகிருஷ்ணபுரத்தில். டெல்லித் தமிழ்ச் சங்கம்? அதுவும் ராமகிருஷ்ணபுரம்தான். இரண்டும் தென்மேற்கு டெல்லி. துவாரகாவிலிருந்து ஜனக்புரி வெஸ்ட் போய் மஜந்தா லைன் மாறினால் வசந்த் விஹாரில் இறங்கி மலை மந்திர் போய்விடலாம். கிருத்திகைக்கு அத்தையைக் கூட்டிப் போக அது போதும். தமிழ் சொல்லித்தரும் டிடிஇஏ (டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளிகளில் ஒன்று ஜனக்புரியில் இருக்கிறது. பாப்பா பெரிய வகுப்புக்கு வரும்போது அதையும் யோசிக்கலாம்.

நிஜாமுதீன்? திருக்குறள் எக்ஸ்பிரஸ் திருநெல்வேலியிலிருந்து நேராக அங்கே வருகிறது, மயூர் விஹாரிலிருந்து ஆட்டோவில் போய் அத்தையை அழைத்து வந்துவிடலாம். துவாரகாவிலிருந்து போவது பெரிய பாடுதான். சரி, வருடத்துக்கு எத்தனை தடவை? அந்த ஒருசில நாளுக்கு டாக்சி வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையின் முழங்காலைப் பற்றி நீங்கள் ஒரே வார்த்தையில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அங்கேதான் கவலை. மயூர் விஹாரில் டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய பாக்கெட் வீடுகள் நிறைய. மூன்று, நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. மேல் மாடி பால்கனியிலிருந்து வயதான அம்மாக்கள் கயிற்றில் பையை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே தள்ளுவண்டிக்காரர் தக்காளியைப் போட்டுக் கயிற்றை ஆட்டுவார், பை மேலே போகும். பார்க்க அழகுதான். அந்த அம்மா கடைசியாக எப்போது கீழே இறங்கினார் என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் அழகு தெரியாது. மயூர் விஹாரே என்று முடிவானாலும் லிஃப்ட் உள்ள அடுக்குமாடி சொசைட்டியில் பாருங்கள், இல்லையென்றால் தரைத்தளம். துவாரகாவில் பெரும்பாலும் லிஃப்ட் வைத்த சொசைட்டிகள்தான். வளாகத்துக்குள்ளேயே நடக்கப் பாதை, உட்காரப் பெஞ்சு என்று இருக்கும். அத்தைக்கு ஹிந்தி தெரியாவிட்டாலும் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிற பஞ்சாபிப் பாட்டியோடு ஒரு மாதத்தில் எப்படியோ பேச்சு ஓடிவிடும்.

துவாரகாவின் உண்மையான குறை தண்ணீர். கிழக்கு டெல்லிக்கு சோனியா விஹார் நிலையம் வழியாக கங்கைக் கால்வாய்த் தண்ணீர் வருகிறது. அந்த வகையில் மயூர் விஹார்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். துவாரகாவில் சொசைட்டிக்கு சொசைட்டி கதை மாறும். ஒரு கட்டடத்தில் குழாயில் நன்றாக வரும், அடுத்த கட்டடத்தில் மே மாதம் டேங்கருக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். ப்ரோக்கரிடம் கேட்காதீர்கள், அவருக்கு எல்லா வீட்டிலும் தண்ணீர் கொட்டும். வாசலில் இருக்கிற செக்யூரிட்டியிடமும் அங்கே வீட்டுவேலை செய்கிற பெண்ணிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: தண்ணீர் எத்தனை மணிக்கு விடுகிறார்கள், கோடையில் டேங்கர் வந்ததா? சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கரிப்பாக இருந்தால் அது போர்வெல் தண்ணீர். வாடகைக்கு மேலே மாதாமாதம் மெயின்டனன்ஸ் எவ்வளவு, டேங்கர் காசு அதில் சேர்த்தியா என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

காற்றைப் பற்றி இரண்டு பேரும் சண்டை போடவேண்டாம். நவம்பரில் இரண்டு பக்கமும் ஒரே புகைதான். மயூர் விஹார் ஃபேஸ் 3 பக்கம் மட்டும் காஜிப்பூர் குப்பைமேட்டு வாடை காற்றோடு வரும். துவாரகாவில் விமானச் சத்தம், அது பழகிவிடும்.

நர்சரிக்குத்தான் அவசரம். டெல்லி தனியார் பள்ளிகளில் புள்ளி முறையில் சேர்க்கிறார்கள், பெரும்பாலான பள்ளிகளில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்துக்குத்தான் அதிகப் புள்ளி. விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் கடைசி, டிசம்பர் வாக்கில் வரும். லட்சுமி நகர் முகவரியை வைத்துக்கொண்டு துவாரகா பள்ளியில் விண்ணப்பித்தால் தூரத்துக்கான புள்ளி கிடைக்காது. அதனால் மார்ச்சில் வீடு மாறலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சீக்கிரம் குடிபோய், ஆதார் முகவரியை மாற்றி, பிறகு படிவம் போடுங்கள்.

இதையெல்லாம் அவரிடம் வாதாடி ஜெயிக்கவேண்டாம். ஒரு திங்கட்கிழமை அவரை லீவு போடச் சொல்லுங்கள். காலையில் மயூர் விஹார் ஃபேஸ் 1 போய், அங்கிருந்து உங்களோடு சைபர் சிட்டி வரைக்கும் வரட்டும். இன்னொரு நாள் செக்டர் 10-லிருந்து பாரகம்பா ரோடு அவரே போய்வரட்டும். அப்புறம் பேசுங்கள். ஒப்பந்தம் எப்படியும் பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். இதற்கு நடுவில் உங்கள் ஆபீஸ் நொய்டாவுக்கு மாறினால் இந்தப் பதிலைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அப்போது பக்கத்திலிருக்கிற மயூர் விஹார்தான், லிஃப்டோடு.