கோடையில் கண்மாய் மீன் விடியற்காலையில் வாய் பிளக்கிறதே, என்ன செய்யலாம்?

கேள்வி: சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயைக் குத்தகைக்கு எடுத்து கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறேன். சித்திரை பிறந்ததும் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது, நிறமும் கரும்பச்சை. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. பகலில் வலை போட்டால் ஒன்றும் சிக்கவில்லை. சுண்ணாம்பு போடலாமா?

பதில்: சுண்ணாம்பு வேண்டாம். பாசி மண்டிய தண்ணீரில் பகலில் காரத்தன்மை தானாகவே ஏறியிருக்கும். மேலும் ஏற்றினால் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷமாக மாறும். அவசரத்தில் சுண்ணாம்பைக் கொட்டி, பிழைத்திருக்க வேண்டிய மீனையும் இழக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்துவிடக் கூடாது.

உங்கள் மீனுக்கு நோய் இல்லை, மூச்சு முட்டுகிறது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை நிற்பது 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். பகலில் ஆக்சிஜன் தரும் பாசியே இரவில் அதை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் விடிவதற்குச் சற்று முன்பு நிலைமை மிக மோசமாக இருக்கிறது. முதலில் தவிப்பது பெரும்பாலும் கட்லாதான். விரால் வெளிக்காற்றைக் குடித்துத் தாக்குப்பிடிக்கும்.

சாணம், தீவனம் இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். டீசல் இன்ஜினை வைத்து, சேற்றைக் கிளறாமல் மேல்தண்ணீரை எடுத்து, உயரத்திலிருந்து கண்மாயிலேயே சிதறி விழும்படி விடுங்கள். இரவு 2 மணிக்குத் தொடங்கி வெயில் ஏறும்வரை ஓடட்டும். பகல் முழுக்க மேகம் மூடியிருந்தாலோ, திடீர்க் கோடைமழை பெய்தாலோ அன்றிரவு தூங்காமல் காவல் இருங்கள். மொத்த மீனும் சாவது பெரும்பாலும் அப்படிப்பட்ட இரவில்தான்.

பகலில் மீன் வெயிலுக்கு ஒதுங்கி, மடையை ஒட்டிய பள்ளத்தில் போய் அடைந்துவிடும். இழுவலையோடு அங்கே இறங்காதீர்கள். சேறு கலங்கினால் மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் போய்விடும். பெரிய கண்ணுள்ள செவுள்வலையை மாலையில் பள்ளத்தின் ஓரமாகக் கட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். விடியும்வரை விட்டால் இந்தச் சூட்டில் சிக்கிய மீன் குழைந்துபோகும், வியாபாரி விலையை அடிப்பார். மீனின் எடைக்குச் சமமான ஐஸ் முன்கூட்டியே கரையில் இருக்கட்டும்.

ஒரு கிலோ தேறியதை எல்லாம் கத்திரி வெயிலுக்கு முன்பே பிடித்து விற்றுவிடுங்கள். எடை கூடட்டும் என்று வைகாசிவரை வைத்திருக்க இந்தத் தண்ணீர் போதாது. சின்ன மீனை மட்டும் விட்டுவைத்தால் இருக்கும் தண்ணீரில் அது பிழைத்துக்கொள்ளும்.