482 என்றால் எந்த 482?

வக்கீல் அலுவலகம் நடத்துபவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் நான்கு.

கேள்வி: அப்பாவின் அலுவலகத்தை இப்போது நான் நடத்துகிறேன். அவர் காலத்திலிருந்தே இருக்கும் குமாஸ்தா அண்ணாச்சி டைரியில்தான் வாய்தா எழுதுவார். இரண்டு ஜூனியர்களும் செல்போன் ஆப்பைத்தான் பார்க்கிறார்கள். தேதி மாறி, நாங்கள் ஆஜராகாமல் ஒரு வழக்கு எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சமாக முடிவு) ஆகிவிட்டது. யாரைத் திருத்துவது? – வழக்கறிஞர், திருநெல்வேலி

பதில்: முதலில் வழக்கைப் பாருங்கள். எக்ஸ்பார்ட்டி டிகிரியை (தீர்ப்பாணையை) ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு 30 நாள்தான். தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போட வேண்டிவரும்.

யாரையும் திருத்த வேண்டாம், வேலைமுறையைத் திருத்துங்கள். ஆப்பில் தெரிவது கோர்ட் ஊழியர் ஏற்றிய தேதி. டைரியில் இருப்பது கோர்ட் ஹாலில் காதில் விழுந்த தேதி. நீதிபதி லீவு போட்டால் அன்றைய வழக்குகள் மொத்தமாகத் தள்ளிப்போகும். பெரும்பாலும் அப்போதுதான் இரண்டும் பிரியும்.

கோர்ட்டுக்குப் போனவர் அங்கேயே, வழக்குக் கட்டின் மேலட்டையில் அடுத்த வாய்தா, எதற்காகப் போட்டிருக்கிறது, தன் இனிஷியல் மூன்றையும் எழுதட்டும். மாலையில் அண்ணாச்சி கட்டைப் பார்த்து டைரியில் ஏற்றி, வாய்விட்டு வாசிக்கட்டும்; ஒரு ஜூனியர் அதைக் கேட்டுப் பொதுக் காலண்டரில் ஏற்றி, ஆப்போடு ஒப்பிடட்டும். ஒத்துவராத வழக்கைச் சிவப்பில் சுழித்துவிட்டு, மறுநாள் காலை பென்ச் கிளார்க்கிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். வாசிப்பவர் அண்ணாச்சியாகவே இருக்கட்டும். அந்தப் பொறுப்பைப் பறித்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், அவருக்கு மட்டுமே தெரிந்த பாதி விஷயம் அலுவலகத்துக்கு வராமலே போகும்.

கெடு தேதிகளுக்குத் தனிப் பக்கம் வையுங்கள். எதிர்வழக்குரைக்கு (பிரதிவாதியின் எழுத்துப் பதிலுக்கு) 30 நாள், கோர்ட் நீட்டித்தால் 90. வணிக வழக்கில் 120, அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. உரிமையியல் மேல்முறையீடு மாவட்ட கோர்ட்டுக்கு 30, உயர் நீதிமன்றத்துக்கு 90. செக் திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள், அதுவும் கடந்தால் ஒரு மாதத்துக்குள் புகார். கேவியட்டின் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே போடும் மனுவின்) ஆயுள் 90 நாள். இந்தக் கணக்கை ஜூனியர் போடட்டும். தீர்ப்பின் நகல் கேட்டு மனு போட்ட தேதியையும் நகல் தயாரான தேதியையும் அண்ணாச்சி தரட்டும். மேல்முறையீட்டுக் கெடுவில் அந்த இடைப்பட்ட நாட்கள் கழியும். இருவரும் கையெழுத்திட்ட பிறகே அந்தத் தேதியை நம்புங்கள்.

கேள்வி: எங்கள் சீனியருக்கு 70 வயது. இன்னும் ஐபிசி (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) பிரிவுகளையே சொல்கிறார். ஜூனியர்கள் தங்களுக்குள் சிரிக்கிறார்கள். – வழக்கறிஞர், சேலம்

பதில்: சிரிக்கிறவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். 1.7.2024-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் ஐபிசிதான். அந்தத் தேதியில் நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியே தொடர்கின்றன. எனவே அலுவலகத்தில் இரண்டு சட்டமும் தெரிந்தவர்கள் இருந்தாக வேண்டும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சீனியர் போனில் “482 போடு” என்றால் பழைய சட்டப்படி வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு. புதிதாகப் படித்து வந்த ஜூனியருக்கு 482 என்றால் முன்ஜாமீன், ஏனென்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸில் அது அப்படித்தான். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. பழைய முன்ஜாமீன் எண்ணான 438 இப்போது சீராய்வு. வாய்மொழி உத்தரவுகளில் எண்ணையே தடை செய்யுங்கள்: “ரத்து மனு”, “முன்ஜாமீன்”, “சீராய்வு” என்று பெயரால் சொல்லட்டும். கட்டின் மேலட்டையில் குற்றம் நடந்த தேதியைப் பெரிதாக எழுதுங்கள். ஐபிசியா, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்ஸா என்பதை அந்தத் தேதி சொல்லிவிடும்.

கேள்வி: ஜூனியர்கள் ஒரு வருடம்கூடத் தங்குவதில்லை. இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லையா? – வழக்கறிஞர், கோவை

பதில்: என்ன கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் 2024-இல் சுற்றறிக்கை விட்டது: சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. “நாங்கள் சும்மாதான் வேலை பார்த்தோம்” என்பது இனி பதில் ஆகாது. குறிப்பிட்ட தேதியில், வங்கிக் கணக்கில் போடுங்கள்.

அடுத்தது வேலை. வாய்தா கேட்பதும் கட்டு சுமப்பதுமாக வருடம் ஓடினால் யார்தான் இருப்பார்கள்? முதல் மூன்று மாதம், குறை சொல்லி கோர்ட் திருப்பி அனுப்பிய (ரிட்டர்ன் ஆன) மனுக்களைச் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்யட்டும், அதைவிட நல்ல டிராஃப்டிங் வகுப்பு இல்லை. பிறகு இடைக்கால மனுக்களில் வாதம், சாட்சியின் முதல் விசாரணைப் பிரமாணப் பத்திரம். வருடம் முடிவதற்குள் சின்னப் பண வழக்கு ஒன்றில் குறுக்கு விசாரணை. நீங்கள் பின்னால் உட்காருங்கள், நடுவில் எழுந்து நிற்காதீர்கள். நீங்கள் எழுந்த நிமிடமே கட்சிக்காரரின் பார்வையில் அவர் வெறும் உதவியாளர். வக்காலத்தில் அவர் பெயரும் இருக்கட்டும்.

கேள்வி: ஏஐ கொண்டு டிராஃப்ட் செய்யும் ஜூனியரை நம்பலாமா? – வழக்கறிஞர், சென்னை

பதில்: வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2023-இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளைக் கோர்ட்டில் வைத்து 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளான வழக்கில், அந்தத் தீர்ப்புகளைத் தேடி எடுத்தவர் 30 வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர். இவை உண்மையா என்று அந்தக் கருவியிடமே கேட்டு, அது ஆமாம் என்றதை நம்பினார்.

மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்புக்கும் முதல் பக்கமும் மேற்கோள் பத்தியும் கோர்ட் இணையதளத்திலிருந்தோ சட்ட அறிக்கையிலிருந்தோ அச்செடுத்துக் கட்டில் சேர வேண்டும். எடுத்தவர் இனிஷியல் போடட்டும். வேறொருவர் படித்துப் பார்க்கட்டும். சீனியர் சொன்ன தீர்ப்புக்கும் இதே விதிதான், நினைவிலிருந்து சொல்லும் வால்யூம் எண்ணும் தவறலாம். கட்சிக்காரரின் ஆவணங்களைப் பொதுவில் கிடைக்கும் ஏஐ கருவிகளில் ஏற்ற வேண்டாம். ரகசியம் காக்கும் கடமை குமாஸ்தாவுக்கும் உண்டு என்பதால், இதை அவரிடமும் சொல்லி வையுங்கள்.